அம்மாவுக்குத் தெரியாத பாஷை

மே மாசம் பாதி தாண்டிருச்சுன்னா எங்க ஊர்ப் பக்கம் ரெண்டே ரெண்டு பேச்சுத்தான். போர்ல தண்ணி வருதா? குழந்தைய எந்த ஸ்கூல்ல சேத்தறீங்க? அன்னூர் ஒண்ணும் பெரிய ஊர் இல்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து சத்தி போற ரோடும், அவிநாசில இருந்து மேட்டுப்பாளையம் போற ரோடும் வெட்டிக்கிற இடம். சுத்தியும் தறி, ஸ்பின்னிங் மில், தோட்டம். காலைல எட்டு மணிக்கு அந்த நாலு ரோட்டுல நின்னா மஞ்சக் கலர் ஸ்கூல் பஸ்ஸா வந்துட்டே இருக்கும். உள்ள உக்காந்திருக்கற குழந்தைகள்ல பாதிப் பேர் வீட்டுல இங்கிலீஷ் பேசறவங்க ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க.

எங்க பெரியம்மா பையன், அண்ணன் ஒருத்தர் தறி ஓட்டறார். பாப்பாவுக்கு மூணரை வயசு. போன வருசம் எல்கேஜி அட்மிஷனுக்குப் போன இடத்துல (ஸ்கூல் பேர் வேண்டாம்) ஒரு அட்வைஸ் குடுத்து அனுப்பிருக்காங்க. "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்பத்தான் பிக்கப் ஆகும்." அண்ணன் பத்தாவது, தமிழ் மீடியம். அண்ணி பன்னெண்டாவது, அதுவும் தமிழ் மீடியம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச இங்கிலீஷ் "கம்", "கோ", "ஈட்", "டோன்ட் க்ரை". அந்த நாலு வார்த்தைய வெச்சுட்டு ஒரு மாசம் பாப்பாகிட்ட குடும்பம் நடத்திருக்காங்க. பெரியம்மா மட்டும், நமக்கெதுக்கு வம்புன்னு பாப்பாவுக்குக் கதை சொல்றதையே நிறுத்திட்டாங்க. தான் தமிழ்ல பேசிப் பேசி குழந்தை படிப்பு கெட்டுரும்னு அவங்களுக்கு ஒரு பயம்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "டேய் தம்பி, நீதான் பெங்களூர்ல வெளிநாட்டுக்காரன்கூட எல்லாம் பேசறியே. எங்களுக்கே தெரியாத பாஷைய புள்ளைக்கு எப்படிறா பழக்கறது?"

போன்ல பதில் சொல்ற கேள்வி இல்ல அது. இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்லயே இருநூறு வருசத்துக்கு மேல வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான், டீ காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல சென்னை எழும்பூர். 1789ல அங்க கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க ஆண் பிள்ளைகளுக்கு ஒரு அனாதை இல்லம் ஆரம்பிச்சாங்க. பிள்ளைகளோட அப்பாக்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், அம்மாக்கள் பெரும்பாலும் நம்ம ஊர்ப் பெண்கள். அதாவது அம்மாவுக்குத் தெரியாத பாஷைல பிள்ளைய வளர்க்கணும். அந்த இல்லத்தைப் பாத்துக்கிட்டவர் ஆண்ட்ரூ பெல்ங்கற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் அவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணுல குழந்தைகள் மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பாக்கறார். தன் வாத்தியார்கள்கிட்ட இதே மாதிரி சொல்லிக் குடுங்கன்னா, "இதெல்லாம் ஆகாது"ன்னுட்டாங்க. சரின்னு ஜான் ஃபிரிஸ்கன்னு ஒரு பையனைக் கூப்பிட்டு, சின்னப் பசங்களுக்கு நீ சொல்லிக் குடுன்னு விட்டார். ஃபிரிஸ்கனுக்கு அப்ப எட்டு வயசு. வாத்தியார்களால முடியாததை அவன் செஞ்சு காட்டினான்.

பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் குடுக்கற ஏற்பாடு நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல புதுசே இல்ல. சட்டாம்பிள்ளைன்னு நாம சொல்ற ஆள்தான் அது. பெல் இதை ஒரு முறையா ஆக்கி, 1797ல லண்டன்ல புத்தகமா போட்டார். அது 'மெட்ராஸ் சிஸ்டம்'ங்கற பேர்ல இங்கிலாந்து பூரா பரவுச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல அவர் பணத்துல ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'னுதான் பேர். நம்ம மண்ணைத் தொட்டு எழுதின பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க!

இதுல எனக்குப் பிடிக்காத ஒரு பக்கமும் இருக்கு. பெல்லுக்கு அந்த அம்மாக்கள் மேல துளி மரியாதை கிடையாது. அம்மா சகவாசம் போனாத்தான் பிள்ளை உருப்படும்ங்கறது அந்த இல்லத்தோட அடிப்படை எண்ணம். புது பாஷை வரணும்னா வீட்டை வெட்டி விடணும்ங்கற யோசனை அன்னிக்கே இருந்திருக்கு. எல்கேஜி அட்மிஷன்ல சொல்ற அட்வைஸ் அதோட பேரன்தான்.

1822ல கவர்னர் தாமஸ் மன்ரோ, மாகாணத்துல எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு ஒவ்வொரு கலெக்டர்கிட்டயும் கணக்குக் கேட்டார். மொத்தம் 12,498 பள்ளி, 1,88,650 மாணவர்கள்னு வந்துச்சு. ஜனத்தொகை அப்ப ஒண்ணேகால் கோடிக்குக் கொஞ்சம் மேல. எல்லாச் சாதிக்கும் எல்லாப் பெண்ணுக்கும் இடம் இருந்ததுன்னு கனவு காண வேண்டாம், இல்ல. ஆனா அந்தத் திண்ணைகள்ல பாடம் பெரும்பாலும் ஊர் பாஷைல நடந்துச்சு. கோயமுத்தூர்க் கலெக்டரா அப்ப இருந்தவர் ஜான் சல்லிவன், ஊட்டியை உருவாக்கின அதே ஆள்தான்.

அப்புறம் 1830ல லண்டன் மிஷன் பாதிரியார் அடிஸ் கோயமுத்தூருக்கு வந்து பள்ளிக்கூடங்கள் ஆரம்பிக்கறார். 1835ல மெக்காலே குறிப்பு. மேல இருக்கற கொஞ்சப் பேருக்கு இங்கிலீஷ் ஊத்தினா அது வடிகட்டிக் கீழ வரைக்கும் இறங்கும்னு நம்பின காலம். 1854ல சார்லஸ் வுட் அறிக்கை, இல்லப்பா, ஜனங்களுக்குத் தாய்மொழி, மேல் படிப்புக்கு இங்கிலீஷ்னு ரெண்டையும் வெச்சுது. இன்னிக்குக் கோவை அரசு கலைக் கல்லூரியா இருக்கறதோட வேர் 1852ல ஆரம்பிச்ச ஒரு பள்ளிக்கூடம். வடிகட்டி என்னமோ நம்ம பக்கத்துத் தோட்டங்காடு வரைக்கும் இறங்கவே இல்ல. எங்க அப்பாரு கைநாட்டு. அவருக்கு முன்னால இருந்தவங்களும் அப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டுக் கொங்குநாட்டுல ஒரு சுவாரசியமான கூட்டம் கிளம்புச்சு. திருப்பூர்க்காரர் தி. சு. அவினாசிலிங்கம், 1930ல ராமகிருஷ்ண வித்தியாலயத்தை ஆரம்பிச்சவர். 1946 முதல் 1949 வரைக்கும் மாகாணக் கல்வி அமைச்சர். உயர்நிலைப் பள்ளில தமிழ் பயிற்சி மொழியா வேர் பிடிச்சது அவர் காலத்துலதான். தமிழ் வளர்ச்சிக் கழகம்னு ஒண்ணை 1946ல தொடங்கி, அதோட கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியரா ஈரோட்டுப் பக்கம் பிறந்த பெரியசாமித் தூரனைப் போட்டார். பத்துத் தொகுதி, 1954ல இருந்து 1968 வரைக்கும். அது முடிஞ்ச கையோட தூரன் குழந்தைகளுக்குன்னே இன்னொரு பத்துத் தொகுதி பண்ணினார், 1976 வரைக்கும். மனுசன் குழந்தை மனசைப் பத்தியே தமிழ்ல தனியா புத்தகம் எழுதினவர். இந்தப் பக்கம் பீளமேட்டுல ஜி. ஆர். தாமோதரன், இங்கிலாந்துல இன்ஜினியரிங் படிச்சுட்டு வந்தவர், 1940களோட கடைசில 'கலைக்கதிர்'னு தமிழ்ல அறிவியல் பத்திரிகை நடத்த ஆரம்பிச்சார். 1960ல கோவை அரசு கலைக் கல்லூரில பி.ஏ. வகுப்பையே தமிழ்ல நடத்திப் பாத்தாங்க. அப்ப கல்வி அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம்.

இவங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாம இல்ல. நல்லாத் தெரிஞ்சவங்கதான் இதைச் செஞ்சாங்க. அதனாலதான் இதை எனக்கு வெறும் மொழிப் பற்றுன்னு ஒதுக்கத் தோணல. புரிஞ்சுக்கறதுக்கு ஒரு பாஷை வேணும்ங்கறது இங்கிலீஷ்ல படிச்சு வந்தவங்களுக்குத்தான் நல்லா உறைச்சிருக்கு.

ஆனா ஜனங்க வேற கணக்குப் போட்டாங்க. 1978ல மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குன்னு மாநிலத்துல தனி போர்டு. அதுக்கப்புறம் எண்பது, தொண்ணூறுகள்ல ஊருக்கு ஊர் மெட்ரிக் போர்டு தொங்குச்சு. நாமக்கல், ஈரோடு, கோயமுத்தூர்ப் பக்கம் கேக்கவே வேண்டாம். 1999ல அஞ்சாவது வரைக்கும் தாய்மொழிலதான் சொல்லித் தரணும்னு அரசு ஆணை போட்டுது, 2000ல சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிருச்சு. 2012-13ல இருந்து அரசுப் பள்ளிகள்லயே இங்கிலீஷ் மீடியம் வகுப்புகள் வர ஆரம்பிச்சுது. 2014ல கர்நாடகா வழக்குல உச்ச நீதிமன்றம், ஆரம்பப் பள்ளில எந்த மொழில படிக்கறதுன்னு பெத்தவங்கதான் முடிவு பண்ணணும், அரசு திணிக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. தறிக்காரர் பிள்ளைக்கு இங்கிலீஷ் வேணும்னு நினைக்கறதுல தப்பு என்ன இருக்கு? தமிழ்ல படின்னு மேடைல பேசினவங்க வீட்டுப் பிள்ளைங்க எங்க படிச்சாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியாதா? :-)

ஆக, இத்தனை வருசமா சண்டை எல்லாமே புத்தகம் எந்த பாஷைலங்கறதுல. அந்தப் புது பாஷைல குழந்தைகிட்ட யாரு பேசுவாங்கங்கற கேள்வி பெருசா அடிபடவே இல்ல.

என் கதையையே எடுத்துக்குங்க. ஒன்றிய ஆரம்பப் பள்ளி, அப்புறம் அரசு மேல்நிலைப் பள்ளி. இங்கிலீஷ் ஒரு பாடமா வருசக்கணக்குல படிச்சேன். மெமரி போயம் ஒப்பிப்பேன், பேராகிராஃப் கேள்விக்கு முழு மார்க் வாங்குவேன். இன்ஜினியரிங் நாலு வருசமும் அப்படியே போச்சு. வேலைல சேந்து பெங்களூர்ல ரூம் எடுத்தப்ப, கூடத் தங்கினவன் ஒடிசாக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. தண்ணி கேன் தீந்து போச்சுன்னு சொல்றதுக்குக் கூட இங்கிலீஷ்தான். அவன் இங்கிலீஷும் என்னோடது மாதிரி நொண்டிதான். ஆறே மாசம். பள்ளிக்கூடம் பூரா வராதது வந்துருச்சு. இதை நான் பெருமையா சொல்லல. ஃபிரிஸ்கன் செஞ்ச வேலையைத்தான் என் ரூம்மேட் செஞ்சான். எதிர்ல ஒரு ஆள் இருந்தான், அந்த ஆள்கிட்டப் பேசியே ஆகணும்னு ஒரு தேவை இருந்துச்சு, அவ்வளவுதான்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள விஷயமான்னு தேடினப்ப மாட்டினது நியூசிலாந்து. அங்க மவோரி ஜனங்களுக்கு இந்தக் கதை ரெண்டு தடவை நடந்திருக்கு, அதுவும் நேர் எதிர் திசைல.

முதல் தடவை 1867. மவோரிப் பிள்ளைகளுக்குன்னு அரசு பள்ளிக்கூடச் சட்டம் போட்டு, பாடம் இங்கிலீஷ்லங்கறது விதி. பெத்தவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிள்ளை தாய்மொழில பேசினா அடி. 1913ல கூட மவோரிப் பள்ளிப் பிள்ளைகள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் தன் பாஷையைப் பேசினாங்க. 1975ல அது அஞ்சு பேருக்கும் கீழ. அடி வாங்கின பிள்ளைங்க பெரியவங்களாகி, நாம பட்டது போதும்னு தன் பிள்ளைகிட்ட இங்கிலீஷ் மட்டும் பேச ஆரம்பிச்சாங்க. கொஞ்ச காலத்துல ஒரு தலைமுறைப் பெத்தவங்களுக்கு சொந்த பாஷையே தெரியாமப் போச்சு.

ரெண்டாவது தடவை 1982. வெலிங்டன் பக்கத்துல வைனுயோமாட்டாங்கற இடத்துல முதல் 'கோஹங்கா ரெயோ' ஆரம்பிச்சாங்க. பாஷைக் கூடுன்னு அர்த்தம், குருவிக் கூடு மாதிரி. பாலர் பள்ளிதான், ஆனா டீச்சர் யாரு தெரியுமா? பாட்டி தாத்தாக்கள். பாஷை தெரிஞ்ச கடைசி ஆளுங்க அவங்கதான். பெத்தவங்களுக்குத் தெரியாதுங்கறது அங்க ஒரு குறையாவே படல, பாட்டிக்குத் தெரியுமே! சோறு ஊட்டறது, மூக்குச் சிந்தி விடறது, பாட்டு, தூக்கம் எல்லாமே மவோரில. பாடம்னு தனியா எதுவும் கிடையாது. மூணு வருசத்துக்குள்ள இப்படி நானூறுக்கு மேல கூடு வந்துருச்சு. 1987ல மவோரி ஆட்சி மொழியே ஆச்சு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்த அம்மாக்கள் பின்னால உக்காந்து கத்துக்கிட்டதும் நடந்துச்சு.

ஒரே ஜனம், ரெண்டு தடவையும் பெத்தவங்களுக்குத் தெரியாத பாஷை. 1867ல வீட்டைக் குத்தவாளி ஆக்கினாங்க. 1982ல வீட்டுல இருந்த கிழவியையே வாத்தியாராக்கினாங்க. எங்க பெரியம்மா கதை சொல்றதை நிறுத்தினதை இதோட சேத்து யோசிக்கறப்ப எனக்கு வயித்தைப் பிசையுது.

சரி, "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க"ங்கற அட்வைஸுக்கு வருவோம். அதை உலகத்துலயே தீவிரமா செஞ்சு பாத்தவர் ஒருத்தர் உண்டு, எலியேசர் பென் யெஹுடா. பேச்சு வழக்குல இல்லாத எபிரேயத்தை வீட்டு பாஷையா ஆக்கியே தீருவேன்னு ஜெருசலேம்ல குடியேறினவர். 1882ல மகன் பிறந்தான். குழந்தை காதுல வேற எந்த பாஷையும் விழக் கூடாதுன்னு சட்டம். மனைவிக்கோ எபிரேயம் சரியா வராது. ஒரு நாள் அந்தம்மா அசதில ரஷ்ய மொழில தாலாட்டுப் பாடிட்டாங்கன்னு மனுசன் ஆட்டமா ஆடித் தீத்துட்டாராம். விளையாட ஆள் இல்லாம, பேச ஆள் இல்லாம வளர்ந்த அந்தப் பையன் மத்த பிள்ளைகள விட ரொம்ப லேட்டாத்தான் வாய் திறந்தான். பின்னாள்ல இதாமார் பென் ஆவிங்கற பேர்ல பத்திரிகையாளரா ஆகி, அவரே இதெல்லாம் எழுதி வெச்சிருக்கார்.

எபிரேயம் உயிர் பிழைச்சது அந்த ஒரு வீட்டால இல்ல. 1898ல ரிஷோன் லெட்சியோன்ல எபிரேயப் பாலர் பள்ளி வந்துச்சு. அப்புறம் மத்த ஊர்கள்லயும் வந்துச்சு. குழந்தைக்குக் குழந்தை பேச ஆரம்பிச்சதும் அது சண்டை போடற பாஷை, கோள் சொல்ற பாஷை ஆயிருச்சு. வேற வேற பாஷை பேசின பெத்தவங்க பிள்ளைங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டாங்க. வீட்டைப் பட்டினி போட்டு ஒத்தைப் பிள்ளையை வளத்ததுக்கும், பிள்ளைகளை ஒண்ணா விட்டதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

இதையே அளந்து பாத்தவங்களும் இருக்காங்க. கனடாவுல மான்ட்ரியல் பக்கம் செயின்ட் லாம்பர்ட்னு ஒரு புறநகர். அங்க இங்கிலீஷ் பேசற பெத்தவங்க சில பேர், பிள்ளைங்களுக்குப் பிரெஞ்சு நல்லா வரணும், பள்ளிக்கூடத்துல நடத்தற பீரியடு பத்தலைன்னு அலைஞ்சு திரிஞ்சு, 1965ல ஒரு பாலர் வகுப்பு ஆரம்பிக்க வெச்சாங்க. முழுக்கப் பிரெஞ்சு. மெக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருசா வருசம் சோதிச்சு 1972ல புத்தகம் போட்டாங்க. பிள்ளைங்களுக்குப் பிரெஞ்சு வந்துச்சு. பிரெஞ்சு வீட்டுப் பிள்ளை அளவுக்குப் பேச்சு வரலன்னாலும் சாதாரணமா பீரியடு படிச்சவங்கள விட எவ்வளவோ மேல. இங்கிலீஷும் கெடல, கணக்கும் கெடல.

இந்த ரிசல்ட்டைக் காட்டித்தான் உலகம் பூரா 'சின்ன வயசுலயே மூழ்க வெச்சுட்டா பாஷை வந்துரும்'னு கடை விரிக்கறாங்க. ஆனா அந்த வகுப்பு எப்படி நடந்துச்சுன்னு உள்ள போய்ப் பாருங்க. டீச்சருக்குப் பிரெஞ்சு தாய்மொழி மாதிரி தண்ணியா வரும். அவங்களுக்கு இங்கிலீஷும் புரியும். முதல் வருசம் பிள்ளைங்க இங்கிலீஷ்ல கேக்கலாம், "டீச்சர், பாத்ரூம்"னு சொல்லலாம், யாரும் கையை ஓங்க மாட்டாங்க. டீச்சர் பதிலை மட்டும் பிரெஞ்சுல சொல்லுவாங்க. குழந்தை தயாரானப்ப தானாவே மாறிக்கும். வீட்டுல அம்மா அப்பா எப்பவும் போல இங்கிலீஷ்ல வாயாடிட்டு இருந்தாங்க. ரெண்டாவது படிக்கறப்ப இங்கிலீஷ் பாடமும் சேந்துக்கிச்சு. வீட்டு பாஷைக்கு ஊர்ல ஒரு மரியாதைக் குறைவும் இல்ல, பிள்ளைக்கு ஒண்ணோட ஒண்ணு கூடுச்சு. வீட்டு பாஷை மட்டம்னு ஒதுக்கற இடத்துல புதுசு வரும்போது பழசு கழிஞ்சுரும்னு லாம்பர்ட்டே பின்னால பிரிச்சுக் காட்டினார்.

இப்ப நம்ம பக்கம் திரும்புங்க. தமிழ்ல பேசினா ஃபைன். நாலு வயசுக் குழந்தைக்குத் தெரிஞ்ச ஒரே பாஷைய மூடிட்டா அது என்ன பண்ணும்? வாயை மூடிக்கும். பாதி ஸ்கூல்ல டீச்சரும் பக்கத்து ஊர்ல இருந்து வர்ற பொண்ணுதான், சொற்ப சம்பளம், அவங்களுக்கே இங்கிலீஷ்ல பேசிப் பழக்கம் இல்ல. அவங்களைக் குத்தம் சொல்லல. "ஸ்டாண்ட் அப், சிட் டவுன், ஓப்பன் தி புக்" தாண்டி அந்த வகுப்புல இங்கிலீஷே நடக்காது. மீதி எல்லாம் நோட்ஸ். செயின்ட் லாம்பர்ட்ல இருந்து போர்டை மட்டும் கழட்டிட்டு வந்து மாட்டிருக்கோம், ஆளைக் கொண்டு வரல. மாசக் கட்டணம் மட்டும் கரெக்டா கொண்டு வந்துட்டோம்.

ஆள் இல்லாம மரியாதை மட்டும் இருந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா மொரீசியஸ். ஒப்பந்தக் கூலிகளாவும் கைவினைஞர்களாவும் போன தமிழர்களோட வாரிசுகள், இன்னிக்கு வீட்டுல பேசறது கிரியோல். தமிழ் அங்க ரூபா நோட்டுலயே இருக்கு. 1998ல புது நோட்டுல தமிழைத் தள்ளி ஹிந்தியை முன்னால போட்டாங்கன்னு பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு. ஆரம்பப் பள்ளில தமிழ் ஒரு விருப்பப் பாடமா இருக்கு, வாத்தியார் இருக்காங்க, பரீட்சை இருக்கு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இருக்கு. இவ்வளவு இருந்தும் மணி அடிச்சதும் பிள்ளை கிரியோலுக்குப் போயிருது, ஏன்னா தமிழ்ல எதிர்ல பேச ஆள் இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எப்படியோ, அந்தப் பிள்ளைங்களுக்குத் தமிழ் அப்படி. நோட்டுல இருக்கு, நோட்டுப் புத்தகத்துலயும் இருக்கு.

அண்ணனுக்கு நான் சொன்னது ரெண்டே விஷயம். ஒண்ணு, பெரியம்மாவக் கதையத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க, இன்னிக்கு ராத்திரியே. நிறையக் கதை கேட்டு, எதித்துக் கேள்வி கேட்டு, பொய் சொல்லிப் பழகின வாய்தான் அடுத்த பாஷைலயும் அதையெல்லாம் செய்யத் தேடும். ரெண்டு, மீடியம் எதுங்கறதை விட, அந்த ஸ்கூல்ல இங்கிலீஷ் சரளமா பேசற ஒரு டீச்சராவது இருக்காங்களா, பாப்பா தமிழ்ல கேட்டா அவங்க திட்டாம பதில் சொல்றாங்களான்னு மட்டும் போய்ப் பாருங்க. வருசம் எத்தனை ஆயிரம், எத்தனை மாடி, ஏசி பஸ்ஸான்னு பாக்க வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள் நான் வீடியோ கால்ல பாப்பாகிட்ட இங்கிலீஷ்ல மட்டும் பேசறேன்னும் சொல்லிருக்கேன். அவ தமிழ்ல பதில் சொல்றா, நான் பாட்டுக்கு இங்கிலீஷ்ல போறேன். போன வாரம் "சித்தப்பா, வாட் இஸ் திஸ்"னு கேமரா முன்னால ஒரு பொன்வண்டைக் கொண்டாந்து நீட்டினா. பொன்வண்டுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

கடைசியா ஒண்ணு. இந்தப் பதிவு பூரா நம்ம பிள்ளை, இங்கிலீஷ்னே போச்சு. ஆனா இதே அன்னூர்ல, பெத்தவங்களுக்குத் தெரியாத பாஷையைத் தினம் கத்துட்டு இருக்கற இன்னொரு கூட்டம் இருக்கு. மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் வந்த ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களோட பிள்ளைங்க. அவங்களுக்கு அந்தப் பாஷை தமிழ். 2009 கல்வி உரிமைச் சட்டம், முடிஞ்ச வரைக்கும் தாய்மொழில சொல்லிக் குடுக்கணும்ங்குது, வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும்னும் சொல்லுது. ஒரு ஒன்றியப் பள்ளில ஹிந்தி, ஒடியா, சந்தாலி எல்லாம் தெரிஞ்ச டீச்சருக்கு எங்க போறது? அதனால பத்து வயசுப் பிள்ளை ஒண்ணாவதுக் குழந்தைங்களோட உக்காந்து 'அ' எழுதறதும் நடக்குது, சூளை சீசன் முடிஞ்சதும் பாதிலயே ஊருக்குப் போயிடறதும் நடக்குது. தங்கிட்ட பிள்ளைங்களுக்கு மட்டும் பாஷை எப்படியோ ஒட்டிக்குது, ஏன்னா அவங்களுக்கு கூட விளையாட ஆள் இருக்கு, கடைக்காரர் இருக்கார், பஸ் கண்டக்டர் இருக்கார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப மெடிக்கல் ஷாப்புல ஒரு பையன், எட்டு ஒம்பது வயசு இருக்கும். பக்கத்துல அவங்க அம்மா, இடுப்புல ஒரு கைக்குழந்தை. அம்மா அவன் காதுல ஏதோ சொல்றாங்க, அவன் கடைக்காரர்கிட்ட "ஏனுங்ணா, பாப்பாவுக்கு ரெண்டு நாளா காச்சலுங், சளியும் இருக்குதுங்"கறான். கடைக்காரர் எத்தனை மாசக் குழந்தைன்னு கேக்கறார், அவன் அம்மாகிட்டத் திருப்பிக் கேட்டு, "ஏழு மாசமுங்"கறான். மருந்தை எத்தனை சொட்டு, எத்தனை வேளைன்னு அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பையன் விரல் விட்டு எண்ணி எண்ணி அம்மாவுக்கு அவங்க பாஷைல சொல்லிட்டு இருந்தான். அந்தம்மா கடைக்காரரை ஒரு தடவை கூடப் பாக்கல, அவன் வாயையே பாத்துட்டு இருந்தாங்க.